தராசில் ஏற்றுமுன்

திருக்காட்டுப்பள்ளியிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் மோட்டார் பட்டறை நடத்திவரும் அன்பர்களுக்கும், ஒரு காலத்தில் நடத்திவிட்டு இப்போது கதவைச் சாத்தியிருக்கும் பெரியவர்களுக்கும், அப்பட்டறைகளைப் பிதிரார்ஜிதமாகப் பெற்று இனி அவற்றை என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும், அநேக நமஸ்காரம்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதித்து ஓய்வு பெற்றவன் நான். ஸ்பானர் பிடித்து ஜீவனம் செய்தவன் அல்லன். உங்கள் தொழிலைப் பற்றி உங்களுக்கே மடல் எழுதத் துணிவது அதிகப்பிரசங்கித்தனம் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். அவ்விதம் நினைப்பதில் நியாயமும் உண்டு. ஆயினும், சென்ற தை மாதத்தில், அறுவடை முடிந்து ஊர் சற்று ஓய்ந்திருந்த சமயத்தில், குடமுருட்டிக் கரையோரம் வெகுகாலமாகப் பூட்டிக் கிடந்த ஒரு பட்டறையை ஒழித்துக் காலி செய்தபோது அங்கிருந்து புறப்பட்ட ஒரு சாமான், பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறாமல், வழி தப்பி என் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது. அது இன்னதென்று தெரிந்துகொள்ள நான் பட்ட பாட்டையும், அந்தப் பாட்டினிடையே என் பௌதிக ஞானத்துக்கு நேர்ந்த மானபங்கத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டால், அதன்பின் நான் செய்துகொள்ளப்போகும் விண்ணப்பத்தை நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

சாமானைக் கொண்டுவந்தவன் என் பழைய மாணவன்; அவனுடைய பெரியப்பாவின் பட்டறை அது. "செம்பு இருக்குன்னு கடைக்காரர் கிலோவுக்கு நல்ல வெலை சொல்றார் சார். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பார்த்துடுங்க" என்று சொல்லித் திண்ணையில் இறக்கிவைத்தான். மெல்லிய இரும்புத் தகடுகளை ஏடு ஏடாக அடுக்கி ரிவிட் அடித்து இறுக்கிய ஒரு கனத்த கட்டை. அதன் மேற்பாகம், பாராயணம் செய்கிறவர்கள் புத்தகம் வைக்கும் சிக்குப்பலகையை விரித்து வைத்தாற்போல, இரண்டு தாடைகளாகச் சரிந்து விரிந்திருந்தது. இடுப்பில் துணி நாடா சுற்றி வார்னிஷ் ஏற்றிய செம்புக் கம்பிச் சுருள். அதன் நுனிகள் இரண்டும் வெட்டுண்டு தொங்கின. அடியில் ஒரு தேக்குப் பலகை. எழுத்து, எண், கம்பெனி முத்திரை ஒன்றும் இல்லை. பலகையின் முன்புறத்தில் மட்டும், காய்ந்து செதில் செதிலாக எழும்பிய ஏதோ ஒரு கறை. பழைய பெயின்ட் என்று எண்ணி நான் அதை லட்சியம் செய்யவில்லை.

திண்ணையில் ஒரு சாமான் உட்கார்ந்திருந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாரும் அபிப்பிராயம் சொல்லாமல் போவார்களா? ரேடியோப் பெட்டியின் உள்ளுறுப்பு என்றார் ஒருவர். ஒலிபெருக்கிக் குழாயின் காந்தம் என்றார் கல்யாணங்களுக்கு மைக் செட் வைக்கும் ஒருவர். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு கும்பகோணம் போய்வரும் லாரிக்காரர், அது ஆக்சிலைப் படுக்கவைக்கும் கட்டை என்றும், கம்பியை யாரோ பைத்தியக்காரன் பிற்பாடு சுற்றியிருக்கிறான் என்றும் தீர்ப்புச் சொன்னார். நானோ தகடுகளின் அடுக்கையும் சுருளையும் கண்ட மாத்திரத்தில், இது பாதி உடைந்துபோன டிரான்ஸ்பார்மர், மேல் நுகம் கழன்றுவிட்டது என்று நிச்சயித்துவிட்டேன். நிச்சயித்ததோடு நிற்கவில்லை. வெட்டுண்ட நுனிகளில் வயர் முறுக்கி, கூடத்துப் பிளக்கில் செருகி, சுவிட்சையும் போட்டேன். கூடம் முழுவதும் அதிரும்படி ஓர் இரைச்சல் எழுந்தது. அரை நிமிஷத்துக்குள் சுருள் சுட்டு, வார்னிஷ் தீயும் நாற்றம் வீட்டை நிறைத்தது. மறுகணம் பியூஸ் போயிற்று. அடுப்பங்கரையிலிருந்து என் சகதர்மிணி கேட்ட கேள்வியை இங்கே எழுதுவதற்கில்லை.

மறுநாள் அதை ஒரு கோணிப்பையில் போட்டுக்கொண்டு, பூதலூர் சாலையில் வசிக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். எண்பதைத் தாண்டியவர், வாலிபத்தில் பஸ் கம்பெனி ஷெட்டுகளில் டைனமோ, ஸ்டார்ட்டர் வேலை பார்த்தவர். தம் பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பவில்லை. பையிலிருந்து நான் வெளியே எடுத்ததும் அவர் பார்வை போனது தாடைகளின்மேல் அன்று, சுருளின்மேலும் அன்று. நான் பெயின்ட் என்று தள்ளிய அந்தக் கறையின்மேல். நகத்தால் சிறிது சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார்.

"சந்தனமும் குங்குமமும் வாத்தியாரய்யா. வருஷா வருஷம் ஒண்ணுமேல ஒண்ணு வெச்சிருக்காங்க. இது வண்டியில இருந்து கழண்ட சாமான் இல்லே. கழட்டிப் போட்ட பார்ட்டுக்கு எவன் பொட்டு வைப்பான்?"

அந்த ஒரு வாக்கியத்தில், என் டிரான்ஸ்பார்மர் சித்தாந்தமும், மற்றவர்களுடைய ரேடியோவும் ஒலிபெருக்கியும் ஒருங்கே அஸ்தமித்தன. ஆயுத பூஜையன்று அலம்பித் துடைத்துப் பலகையில் வைத்துப் பொட்டிட்டு வணங்கப்பட்ட பொருள், கருவியாகத்தான் இருக்கவேண்டும். தொழிலாளிக்குச் சோறு போட்டதாகவும் இருக்கவேண்டும். இதற்குப் பௌதிகம் வேண்டியதில்லை. நம் ஊர் வழக்கம் தெரிந்திருந்தால் போதும். எனக்கும் அது தெரியும். தெரிந்தும் கண்ணில் படவில்லை என்பதுதான் வெட்கம்.

பிறகு அவர் கட்டைவிரலைத் தாடைகளின் உட்புறத்தில் ஓட்டினார். மற்ற இடமெல்லாம் துருவும் அழுக்கும் ஏறியிருக்க, இரண்டு சரிவுகளிலும் ஒரே உயரத்தில், இரண்டு விரற்கடை அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் தேய்ந்து பளபளப்பாக இருந்தது. உருண்டையான ஏதோ ஒன்று அங்கே ஆயிரக்கணக்கான தடவை உட்கார்ந்து, உருண்டு, எழுந்து போயிருக்கிறது. "குரோலரு" என்றார் பெரியவர். "சரி, பிளேடு எங்கே?"

எந்தப் பிளேடு என்று விழித்தேன். ஹாக்சா பிளேடு என்றார். அதை யார் வைத்திருக்கப்போகிறார்கள்? பட்டறையை ஒழித்தபோது உடைந்த பிளேடுகளெல்லாம் முதல் கூடையிலேயே போய்விட்டன என்றான் உடன் வந்திருந்த மாணவன். பெரியவர் பேரனைக் கூப்பிட்டு ஒரு பிளேடு வாங்கிவரச் செய்தார். பின்னர், வாசற்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாதபடி முட்டுக் கொடுத்திருந்த ஒரு பழைய டைனமோ ஆர்மேச்சரை எடுத்துத் துடைத்துத் தாடைகளின் நடுவே வைத்தார். அச்சில் வார்த்தாற்போல அது அந்தப் பளபளத்த பட்டையில் போய் அமர்ந்தது. முதலில் சீரிஸ் பல்பு போட்டுச் சுருளுக்கு உயிர் இருக்கிறதா, அது இரும்பைத் தொடுகிறதா என்று சோதித்துக்கொண்டார். அதன் பின்புதான் மின்சாரம் கொடுத்தார். என் வீட்டில் அலறிய அதே சாமான் இங்கே தேனீக் கூட்டம் போல மெல்லிய ரீங்காரம் செய்ததேயன்றிச் சூடேறவும் இல்லை, நாறவும் இல்லை.

பிளேடை ஆர்மேச்சரின் உச்சியில் ஒரு காடிக்கு இணையாக லேசாகப் பிடித்தார், சும்மா இருந்தது. ஆர்மேச்சரை ஒரு காடி அளவு உருட்டினார், சும்மா இருந்தது. இப்படி ஏழெட்டுக் காடிகள் கடந்த பிறகு, திடீரென்று பிளேடு அவர் விரல்களுக்கிடையே துடித்து, இரும்பின்மேல் படபடவென்று அடித்துக்கொண்டு, கட்டிப்போட்ட நாய் உறுமுவது போல உறுமத் தொடங்கியது. சற்றுத் தள்ளி இன்னொரு காடியிலும் அதே உறுமல். "இந்தக் காயில் செத்துப்போச்சு. அதனாலதான் கதவுக்கு முட்டுக் குடுக்க வந்துது" என்று சிரித்தார். அவர் சொன்ன குரோலர் என்ற பெயருக்கு அர்த்தமும் அந்த உறுமலேதான்.

பள்ளிக்கூடத்தில் நான் வருஷந்தோறும் கரும்பலகையில் எழுதிய பாடம் அங்கே என் கண்முன் உறுமிக்கொண்டிருந்தது. தாடைகளுக்கிடையே ஆர்மேச்சர் அமர்ந்தவுடன் காந்தப் பாதை பூர்த்தியாகிறது. கீழேயுள்ள சுருள் டிரான்ஸ்பார்மரின் முதற்சுருளாகவும், ஆர்மேச்சரின் சுருள்கள் இரண்டாம் சுருளாகவும் ஆகின்றன. ஆர்மேச்சரின் சுருள்கள் யாவும் ஒன்றோடொன்று தொடர்ந்து வளையமாகவே இருந்தாலும், ஒரு பக்கத்தில் பிறக்கும் மின்னழுத்தத்தை மறுபக்கத்தில் பிறப்பது சமன் செய்துவிடுவதால், பழுதில்லாத ஆர்மேச்சரில் மின்னோட்டம் எழுவதில்லை. எங்காவது ஒரு சுருளில் இன்சுலேஷன் தீய்ந்து, கம்பியும் கம்பியும் தொட்டுக்கொண்டால், அந்தச் சுருள் மட்டும் தனக்குள் மூடிய சிறு வளையமாகி, அதில் மின்சாரம் பெருகி ஓடும். அது கிடக்கும் காடியின் இரும்பு, நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று வருவதால், வினாடிக்கு 100 தடவை பிளேடை இழுத்து இழுத்து விடும். கண்ணுக்குத் தெரியாத பழுது காதுக்குக் கேட்கும்படி ஆவது இவ்வாறுதான். ஆர்மேச்சர் இல்லாமல் மின்சாரம் கொடுத்தால் காந்தப் பாதையில் பெரிய இடைவெளி விழுந்து, சுருள் அளவுக்கு மீறி மின்சாரத்தை உறிஞ்சித் தானே வெந்துபோகும். இதை நான் விளக்கிச் சொன்னபோது பெரியவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அதாவது, தீனி வெக்காம முடுக்கினா தன்னையே திங்கும்" என்றார். முப்பத்திரண்டு வருஷத்தில் என்னால் இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடிந்ததில்லை.

அந்தப் பிளேடுக்கு இன்னொரு வேலையும் உண்டென்று அவர் காட்டினார். ஆர்மேச்சரின் நுனியில் கம்யூட்டேட்டர் என்னும் தாமிரத் துண்டுகளின் வளையம் இருக்கிறதல்லவா? துண்டுகளுக்கிடையே வைத்திருக்கும் மைக்கா, தாமிரத்தைவிட மெதுவாகத் தேயும். நாளடைவில் அது எழும்பி நிற்க, கார்பன் பிரஷ் அதன்மேல் துள்ளித் துள்ளித் தீப்பொறி பறக்கும். ஆகவே பிளேடுத் துண்டு ஒன்றின் இரு பக்கத்தையும் சாணைக்கல்லில் தேய்த்து மெலிதாக்கி, அதனால் மைக்காவைத் தாமிரத்தின் மட்டத்துக்குக் கீழே அறுத்துவிடுவார்கள். கடையில் வாங்கும்போது இரும்பு அறுக்கும் பிளேடு. உடைந்தபின் இவ்வளவு உத்தியோகம். இத்தனைக்கும் பட்டறையை ஒழிக்கிறவர்கள் கையில் முதலில் அகப்பட்டுக் குப்பைக்குப் போவது அந்தப் பிளேடுதான். அது போனபின் குரோலர் ஊமையாகிவிடுகிறது. ஊமையானபின் அதன் எடைக்கு மட்டுமே விலை.

இதன்பிறகு எனக்கு இது ஒரு பைத்தியமாகவே பிடித்துக்கொண்டது. உறவினர் வீடுகளுக்குப் போனால் பரண்மேலும் கொல்லைப்புறத்திலும் கண் போகலாயிற்று. அப்படி அகப்பட்டதுதான், திருவையாற்றுச் சாலையிலுள்ள ஒரு வீட்டு அடுக்களையில், வெண்கலப் பானையில் அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டுவதற்கு அந்த வீட்டுப் பாட்டியம்மாள் நாற்பது வருஷமாக வைத்திருந்த ஒரு வளைந்த கத்தி. கத்தியென்று பெயரேயொழிய, கைப்பிடிக்கு அருகில் அரத்தின் பற்கள் மழுங்காமல் தெரிந்தன. பழைய அரைவட்ட அரத்தை யாரோ சாணை பிடித்து, நுனியைச் சூடேற்றி வளைத்துச் செய்திருக்கிறார்கள். கைப்பிடிப் பூணின் அடியில், அத்தனை வருஷத்துப் புளியும் சாம்பலும் தேய்த்தும் போகாத ஆழ்ந்த நீலநிறம் ஒன்று ஒளிந்திருந்தது. அந்த நீலமே சாட்சி சொல்லிவிட்டது. பழைய என்ஜின்களில் கிராங்க் ஷாப்ட் சுழலும் பேரிங்குகளில், வெள்ளீயமும் ஆன்டிமனியும் செம்பும் கலந்த 'ஒயிட் மெட்டல்' உருக்கி ஊற்றுவார்கள். அமெரிக்காவில் ஐசக் பாபிட் என்பவர் 1839இல் உரிமை பெற்ற முறையின் வழி வந்தது அது. ஊற்றிய மெட்டல் தண்டோடு சீராகப் பொருந்த வேண்டும். அதற்காகத் தண்டில் பிரஷ்ய நீலத்தை மெலிதாகத் தடவிப் பேரிங்கில் வைத்துச் சுழற்றி எடுத்தால், எழும்பியிருக்கும் மேடுகளில் மட்டும் நீலம் ஒட்டிக்கொள்ளும். அம்மேடுகளை இந்த வளைந்த சுரண்டியால் மயிரிழை மயிரிழையாகச் சுரண்டி, மறுபடி நீலம் தடவி, மறுபடி சுழற்றி, பேரிங் முழுவதும் பரவலாக நீலம் படியும்வரை ஒரு நாள் முழுதும் குனிந்தபடி வேலை செய்வார்கள். பஸ் என்ஜினுக்கு மட்டுமா? களத்துமேட்டில் தண்ணீர் இறைத்த ஆயில் என்ஜினுக்கும் இதுவே வைத்தியம். வாங்கி வந்து அப்படியே மாட்டிவிடும் மெல்லிய ஷெல் பேரிங்குகள் வழக்கத்துக்கு வந்தபின், அந்தக் கலையும் அந்தச் சுரண்டியும் வேலையிழந்தன. பாட்டியம்மாளிடம் உண்மையைச் சொன்னபோது, "அதுவும் சுரண்டறதுதானே?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், உட்குழிந்த பரப்பை அடிக்காயம் படாமல் சுரண்டுகிற காரியத்துக்கு, அந்த ஊரில் அக்கருவியை அவரைவிடச் சரியாக உபயோகித்தவர் எவரும் இலர். அதை நான் அவரிடமிருந்து வாங்கிவரவில்லை.

ஸ்பானர்கள் வேறு விதமான புதிர். 1/4 டபிள்யூ என்று பொறித்த ஒரு ஸ்பானரின் வாயை என் மாணவன் அளந்து பார்த்துவிட்டு, கால் அங்குலம் என்று போட்டிருக்கிறதே, அரை அங்குலத்துக்கும் மேல் இருக்கிறதே, பொறித்தவன் தவறிவிட்டானா என்று கேட்டான். தவறவில்லை. 1841இல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் திருகுகளுக்கு 55 பாகைக் கோணத்தில் ஒரு பொது இலக்கணம் வகுத்தார். அந்த மரபில் ஸ்பானரில் பொறிக்கும் எண், போல்ட்டின் தலையை அன்றித் தண்டின் விட்டத்தைக் குறிக்கும். கால் அங்குலத் தண்டுள்ள போல்ட்டின் தலை 0.525 அங்குலம், ஆகவே வாயும் அவ்வளவு. பின்னால் பி.எஸ்.எப். என்னும் நெருக்கமான மரை வந்தபோது தலை சிறுத்துவிட்டதால், ஒரே வாய் 3/16 டபிள்யூவுக்கும் 1/4 பி.எஸ்.எப்.புக்கும் பொருந்தும், அதனால்தான் சில ஸ்பானர்களில் இரண்டு எண்கள் இருக்கின்றன. அமெரிக்க வண்டிகளுக்கு வந்த ஸ்பானரோ வாயின் அகலத்தையே சொல்லும். இங்கிலாந்தும் அமெரிக்காவும் கனடாவும் 1948இல் ஒரே மரைக்கு உடன்பட்டன. 1954இல் டாட்டா நிறுவனம் ஜெர்மனியின் பென்ஸோடு சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியபோது மில்லிமீட்டர் வந்து சேர்ந்தது. ஆக ஒரே பட்டறையில், ஒரே ஆணியில் தொங்கிய ஸ்பானர்கள் மூன்று பாஷை பேசின. இன்று "பத்து-பதினொண்ணு எடுடா, பன்னெண்டு-பதிமூணு எடுடா" என்று மில்லிமீட்டரிலேயே வளர்ந்த பையன்களுக்கு, அந்தப் பழைய எண்கள் சோழநாட்டுக் கோயிற் சுவரின் கிரந்த எழுத்தைப் போலத்தான் தோன்றும். படிக்கத் தெரிந்துவிட்டால், அந்தப் பட்டறைக்கு எந்த நாட்டு வண்டி வந்து போயிற்று என்பதை அவையே கூறும்.

இரண்டாம் யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்து கரிவாயுவால் பஸ் ஓட்டிய கதையை உங்களில் மூத்தவர்கள் தந்தையார் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள். விடியற்காலையில் அடுப்பு மூட்டிக் கையால் காற்றாடி சுற்றியே அந்த வண்டிகளைக் கிளப்புவார்கள். கைப்பிடியோடு அப்படி ஒரு காற்றாடி உங்கள் பரணில் இருந்தால், கொல்லுலைச் சாமான் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். வண்டியில் பூட்டிய அடையாளம் அடித்தகட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வண்டிகளைப் போற்றுவோர் இல்லாமலில்லை. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே 1920இல் பஸ் விட்ட ஜி.டி. நாயுடுவின் பெயரால் கோயம்புத்தூரில் ஒரு கார் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய கார்கள் அங்கே கண்ணாடி போல் துடைக்கப்பட்டு நிற்கின்றன. மகிழ்ச்சிதான். நம் ஜில்லாவிலும் கும்பகோணம் ராமன் அண்டு ராமன் போன்ற கம்பெனிகளின் பஸ்கள் ஓடின. 1972இல் அரசின் சோழன் போக்குவரத்துக் கழகம் கும்பகோணத்தில் உருவான பின், தனியார் ஷெட்டுகளில் கை தேர்ந்தவர்கள் பலர் தனித்தனிப் பட்டறை வைத்தார்கள். வண்டிகளுக்கு மாலை போட ஆள் இருக்கிறது. அவற்றை ஓடவைத்த கருவிகளுக்கு ஆயுத பூஜையன்று ஒரு பொட்டு. அதற்கடுத்த மாதம் தராசு.

என் விண்ணப்பம் பெரிதல்ல. விற்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை; கூரை ஒழுகும் பட்டறையைக் கோயிலாக வைத்திருக்க உங்களால் முடியாது என்பது எனக்குத் தெரியும். பட்டறையை ஒழிப்பதானால், கூடைக்காரரை அழைப்பதற்கு முந்தின தினம், அந்தப் பட்டறையில் வேலை பார்த்தவர் எவரேனும் உயிரோடிருந்தால் அவரை ஒரு நாற்காலி போட்டு வாசலில் உட்காரவையுங்கள். சாமான்களை ஒன்றொன்றாக அவர் கையில் கொடுங்கள். அவர் பெயர் சொன்னால் மட்டும் போதாது. எந்த வண்டிக்கு, எதனோடு சேர்த்து உபயோகித்தார் என்று கேளுங்கள். சும்மா கிடக்கும் உடைந்த பிளேடோ, நீலக் கறை படிந்த துணியோ, மரக்கட்டைத் துண்டோ அதன் ஜோடியாக இருக்கலாம். அவர் தள்ளச் சொல்லும்வரை அதைத் தள்ளாதீர்கள். சொன்னதை ஒரு சிகரெட் அட்டையிலாவது எழுதிக் கம்பியால் கட்டிவிடுங்கள். சாமானைக் கழுவ மட்டும் வேண்டாம். கழுவினால் சந்தனமும் நீலமும் போய்விடும். எழுத ஆள் இல்லையென்றால் எனக்குச் சொல்லியனுப்புங்கள். வேலையில்லாத வாத்தியாருக்கு அதைவிட வேறென்ன உத்தியோகம்?

அந்தக் குரோலரை, பெரியவரும் மாணவனும் சம்மதித்ததன்பேரில், பஸ் நிலையத்தருகே ஸ்டார்ட்டர் மோட்டார் கட்டும் தம்பியிடம் ஒப்புவித்திருக்கிறேன். உங்களில் யாருக்கு வேண்டுமானாலும் எடுத்துப்போய் உபயோகித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைக்கலாம். புது வயர் போட்டாயிற்று. பிளேடைச் சணல் கயிற்றால் தாடையோடு கட்டி, அட்டையும் தொங்கவிட்டிருக்கிறது. ஆர்மேச்சரை வைக்காமல் மட்டும் சுவிட்சைப் போடவேண்டாம்.

இங்ஙனம்,
உங்கள் ஊர்ப் பழைய பௌதிக வாத்தியார்